தங்கம் எங்கே போய் உட்காரும்?

சென்ட்ரிஃப்யூஜ் இயந்திரம் சுற்றி நின்றது. மூடியைத் திறந்து ஒரு குழாயை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார் அந்த வேதியியலாளர். அடியில் கன்னங்கரேலென்று ஒரு வண்டல். மேலே நின்ற தண்ணீர் இளஞ்சிவப்பாக, பன்னீர் ரோஜாவைக் கரைத்துவிட்ட மாதிரி இருந்தது. எனக்கு அழகாகத்தான் தெரிந்தது. அவர் முகம் சுண்டிவிட்டது.

"போச்சு சார். தங்கம் தண்ணியிலயே வளந்துருச்சு."

அவர்களுக்கு வேண்டியது பச்சைத்தண்ணீர் போலத் தெளிந்த நீர். மேலே நிறமே இருக்கக் கூடாது. ஊற்றிய தங்கம் அத்தனையும் அடியில் இருக்கும் கருப்புத் தாள்களின் மேல் முளைத்திருக்க வேண்டும். மேலே சிவப்பு தெரிந்தால் ஒரு பங்கு தங்கம் தாளைத் தொடாமலே தன்னந்தனியாகத் துகளாகிவிட்டது என்று பொருள். நானோ அளவுத் தங்கம் பச்சை ஒளியை விழுங்குவதால்தான் அந்தச் சிவப்பு. கோடிக்கணக்கில் விலை போகும் கருவி எதுவும் இல்லாமல், வெறும் கண்ணால் ஒரு பேட்ச் தேறுமா தேறாதா என்று சொல்லிவிடலாம் என்பதை அங்கேதான் பார்த்தேன்.

இடம் பொம்மசந்திரா தொழிற்பேட்டை. பெங்களூரின் தென்கோடி, ஓசூர் சாலை. ஒரு பக்கம் நாராயணா மருத்துவமனை, இன்னொரு பக்கம் பயோகான், நடுவில் பெயர்ப்பலகைகூட இல்லாத நூற்றுக்கணக்கான பட்டறைகள். 2025 ஆகஸ்ட்டில் மஞ்சள் தட மெட்ரோ வந்ததிலிருந்து ஆர்.வி. ரோட்டிலிருந்து இங்கே வந்து சேருவது எளிதாகிவிட்டது. 19 கிலோமீட்டர் சொச்சம், 16 நிலையங்கள், கடைசி நிலையம் இதுதான். நிலையத்தை விட்டு இறங்கினால் ஆனேக்கல் தாலுகாவில் இருக்கிறோமா கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இருக்கிறோமா என்று சந்தேகம் வரும். டீக்கடையில் தமிழ், ஷேர் ஆட்டோவில் தமிழ், வாசலில் நிற்கும் வண்டிகளில் பாதிக்கு டி.என். 70 எண்.

நான் போனது ஒரு சி.என்.சி. பட்டறையின் மாடி. கீழே இரும்பு கடைகிறார்கள். மேலே வாடகைக்கு எடுத்த மூன்று அறைகளில் நான்கு பேர். நிறுவனத்தின் பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள், முதலீட்டுப் பேச்சு ஓடிக்கொண்டிருக்கிறதாம். நடத்துபவர் முதலில் சொன்ன அந்த வேதியியலாளர், தர்மபுரிப் பக்கத்துப் பெண், சென்னையில் முனைவர் பட்டம் வாங்கியவர். உதவிக்கு ஓசூரிலிருந்து தினமும் வரும் ஒரு இளைஞர், டிப்ளமோ படித்தவர். அவருக்கு இவர் "அக்கா", இவருக்கு அவர் "தம்பி". மற்ற இருவரும் அன்று வாடிக்கையாளரைப் பார்க்க வெளியே போயிருந்தார்கள்.

அவர்கள் செய்வது ஒரு காகிதப் பட்டை. விரல் நீளம். காய்கறியிலோ மீனிலோ சாயமோ பூச்சிக்கொல்லியோ இருக்கிறதா என்று பார்க்க, அதன் மேல் ஒரு சொட்டு விட்டு லேசர் அடித்துப் படிக்கலாம். பட்டையின் உயிர், அதன் மேல் பூசியிருக்கும் கருப்புத் தாள்களில் உட்கார்ந்திருக்கும் தங்கப் படிகங்களில் இருக்கிறது.

கருப்புத் தாள் என்று நான் சொல்வது மாலிப்டினம் டைசல்பைடு. பெயர் மிரட்டினாலும் பொருள் ஊரறிந்ததுதான். கீழ்ப் பட்டறையில் பேரிங்குகளுக்குத் தடவும் 'மாலி கிரீஸ்' டப்பாவில் இருப்பதும் இதே சரக்கு. நடுவில் ஒரு வரிசை மாலிப்டினம் அணுக்கள், மேலும் கீழும் கந்தக அணுக்கள். இந்த மூன்றும் சேர்ந்தது ஓர் அடுக்கு, தடிமன் முக்கால் நானோமீட்டர்கூடத் தேறாது. அடுக்குக்குள் பிணைப்பு கெட்டி. அடுக்குக்கும் அடுக்குக்கும் நடுவே பிடிப்பு சொற்பம். அதனால்தான் அடுக்குகள் ஒன்றின் மேல் ஒன்று வழுக்குகின்றன, இயந்திரம் தேயாமல் ஓடுகிறது. அந்த வழுக்கலையே இன்னும் கொஞ்சம் வற்புறுத்தினால் அடுக்குகள் தனித்தனியாகக் கழன்றுவிடும். 2004-இல் மான்செஸ்டரில் ஆந்த்ரே கெய்மும் கான்ஸ்டான்டின் நோவோசெலோவும் கிராஃபைட்டிலிருந்து கிராஃபீனை உரித்தெடுத்த பிறகு, உரியக்கூடிய கனிமங்களையெல்லாம் உலகம் உரித்துப் பார்க்கத் தொடங்கியது. பெங்களூரும் பிந்தவில்லை: வடக்கே ஜக்கூரில் சி.என்.ஆர். ராவின் குழு 2010-இலேயே மாலிப்டினம், டங்ஸ்டன் சல்பைடுகளைக் கிராஃபீன்போல மெல்லிய தாள்களாக்கிக் காட்டியது.

இந்த மாடியில் உரிக்கும் வேலையை ஒரு சோனிகேட்டர் செய்கிறது. ஆல்கஹாலும் தண்ணீரும் கலந்த திரவத்தில் சாம்பல் கருப்புப் பொடியைக் கொட்டி, கேளா ஒலியால் மணிக்கணக்கில் உலுக்குகிறார்கள். வெளியே வரும்போது கலவை கரும்பச்சை. லித்தியத்தை அடுக்குகளுக்கு நடுவே புகுத்தி உரிக்கும் வேறு ஒரு முறையும் உண்டு. ஒற்றை அடுக்குகள் நிறையக் கிடைக்கும். ஆனால் அதற்கு வேண்டிய பியூட்டைல் லித்தியம் காற்றுப் பட்டாலே பற்றிக்கொள்ளும். "கீழ வெல்டிங் ஓடுது சார். நான் மேல அதத் தொறந்தா ஓனர் அன்னிக்கே காலி பண்ணச் சொல்லிருவாரு" என்றார் அக்கா.

உரித்தது எவ்வளவு மெல்லிது என்று பார்க்க ஒரு குறுக்குவழி வைத்திருக்கிறார்கள். ராமன் நிறமாலையில் இந்தப் பொருளுக்கு இரண்டு கூர்முனைகள் உண்டு. ஒன்று 383 அலையெண் பக்கம், மற்றது 408 பக்கம். கட்டிப் பொருளில் இரண்டுக்கும் இடைவெளி 25. அடுக்கு குறையக் குறைய முனைகள் ஒன்றையொன்று நெருங்கி, ஒற்றை அடுக்கில் 19-க்கு வந்துவிடும். தம்பி திரையில் காட்டிய அன்றைய கணக்கு 23. ஒற்றை அடுக்கு இல்லை, சில அடுக்குகள். பட்டைக்கு அது போதும் என்கிறார்கள். எனக்கும் அது நியாயமாகப் பட்டது. ஆய்விதழில் போட ஒற்றை அடுக்கு வேண்டும். காய்கறியைச் சோதிக்க அது வேண்டாம்.

அடுத்து தங்க உப்பு. குளோரோ ஆரிக் அமிலம் என்று பெயர், மஞ்சள் படிகங்கள், ஈரக்காற்றில் பத்து நிமிடம் திறந்து வைத்தால் கசிந்து ஒட்டிக்கொள்ளும். எடைக்கு எடை பாதி தங்கம். ஒரு கிராம் உப்பு வாங்கினால் அரை கிராம் தங்கம் வாங்கியிருக்கிறோம். பூட்டு போட்ட அலமாரியில் இருக்கிறது. கழிவு ஊற்றும் பாட்டிலும் அதே பூட்டுக்குள்தான். கோவை நகைப் பட்டறைகளில் தரையைக் கூட்டிய மண்ணைக்கூட எறியாமல் உருக்கக் கொடுப்பார்களே, அதே கணக்கு.

எடை போடுவதைப் பார்க்க வேண்டும். தராசு பத்தாயிரத்தில் ஒரு கிராம் வரை காட்டும். கீழே பிரஸ் ஒரு அடி அடித்தால் மேலே கடைசி இரண்டு இலக்கங்கள் ஆடுகின்றன. தம்பி தராசுக்கு அடியில் கிரானைட் பலகையும் அதற்குக் கீழே ரப்பரும் வைத்திருக்கிறார், அப்படியும் நிற்கவில்லை. அதனால் கீழே டீ டைம் மணி அடித்ததும் மேலே எடை போடும் நேரம். மணி அடித்தது, பிரஸ் ஓய்ந்தது, எண்கள் நின்றன, கரண்டி நுனியால் உப்பைத் தட்டினார். அவர் தாத்தா கோலார் தங்கவயலில் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் வேலை பார்த்தவராம். "தாத்தா டன் கணக்குல கல்ல ஒடச்சு கிராம் கணக்குல எடுத்தாங்க. நான் கிராமை வாங்கி ஒண்ணும் தெரியாத அளவுக்குப் பிரிச்சு விடுறேன்" என்று சிரித்தார். கோலார் 2001-இல் மூடப்பட்டது. பேரனுக்கு அது கேட்ட கதைதான்.

ஒண்ணும் தெரியாத அளவு என்பது எவ்வளவு? பத்து நானோமீட்டர் விட்டமுள்ள ஒரு தங்கத் துகளில் சுமார் 31 ஆயிரம் அணுக்கள் இருக்கும். ஒரே ஒரு மில்லிகிராம் தங்கத்தை அப்படிப் பிரித்தால் கோடி கோடி துகள்கள். நான் மிகைப்படுத்தவில்லை, கணக்குப் போட்டால் ஒரு கோடியைக் கோடியால் பெருக்கிய எண்தான் வருகிறது.

இனி வளர்ப்பு. இரண்டு கட்டம். முதலில் மிகக் கொஞ்சம் தங்க உப்பைப் பச்சைக் கலவையில் விடுகிறார்கள். ஒடுக்கும் மருந்து எதுவும் சேர்ப்பதில்லை. தாளே தன் எலெக்ட்ரான்களைக் கொடுத்துத் தங்க அயனியை உலோகமாக்குகிறது. ஆனால் தாளின் எல்லா இடமும் கொடுப்பதில்லை. நடுப்பரப்பு வழவழவென்று, கொடுக்கல் வாங்கல் இல்லாமல் கிடக்கிறது. ஓரங்களிலும், கந்தக அணு விட்டுப்போன ஓட்டைகளிலும், உலுக்கும்போது கிழிந்த விளிம்புகளிலும்தான் பிணைப்பு நிறையாமல் நிற்கும் அணுக்கள் இருக்கின்றன. தங்கம் அங்கே போய்த்தான் விதையாக உட்காருகிறது. சரியான தாளைவிடப் பழுதுபட்ட தாளில் அதிக விதைகள். சோனிகேட்டரில் கூடுதலாக ஒரு மணி நேரம் விட்டால் தாள் சிறுக்கும், ஓரம் பெருகும், விதை கூடும். ஆகவே தங்கத்தை எங்கே எவ்வளவு நடுவது என்பதை உலுக்கும்போதே முடிவு செய்துவிடுகிறார்கள். தங்கம் வருவதற்கு முன்னாலேயே.

அந்த விதை அளவில் நிறுத்தாமல் உப்பை அள்ளிவிட்டால் வேறொரு வம்பு. எலெக்ட்ரான் கொடுத்துக் கொடுத்துத் தாளே ஆக்சிஜனேற்றமாகிக் கரையத் தொடங்கும். தங்கம் நிறைய இருக்கும், உட்கார இடம் இருக்காது.

இரண்டாம் கட்டத்தில் விதைகளைப் பெரிதாக்க வேண்டும். பனிக்கட்டித் தொட்டியில் குடுவை, உள்ளே காந்தக் கலக்கி, பக்கத்தில் சிரிஞ்சு பம்ப். ஒடுக்கும் மருந்து அஸ்கார்பிக் அமிலம், அதாவது வைட்டமின் சி. பம்ப் அரக்கப் பரக்கத் தள்ளினால் தண்ணீரில் தங்க அணுக்கள் நெரிசலாகி, தாளைத் தேடிப் போகப் பொறுமையில்லாமல் தங்களுக்குள்ளேயே கூடித் துகளாகிவிடும். அதுதான் அந்த ரோஜா நிறம். மெதுவாக, துளித்துளியாக விட்டால் அணுக்களின் எண்ணிக்கை அந்த எல்லைக்குக் கீழேயே நிற்கும். புதிதாகத் துகள் தொடங்கச் செலவு அதிகம், ஏற்கெனவே இருக்கும் விதையில் ஒட்டிக்கொள்வது மலிவு. மலிவானதைத்தான் இயற்கை தேர்ந்தெடுக்கும்.

காலையில் கெட்டுப்போன பேட்சின் கதையும் அதுவேதான். நடுவில் மின்சாரம் ஒரு நிமிடம் போயிருக்கிறது. திரும்ப வந்ததும் பம்ப் இவர்கள் வைத்த வேகத்தை மறந்து தன் பழைய வேகத்தில் ஓடியிருக்கிறது. "ஒரு யு.பி.எஸ். வெச்சிருந்தா இன்னிக்கு எனக்கு அஞ்சாயிரம் ரூபா மிச்சம்" என்றார் அக்கா. தம்பி தலையைச் சொறிந்துகொண்டு, கணினிக்கு இருந்த யு.பி.எஸ்.ஸைக் கழற்றிப் பம்புக்கு மாட்டினார்.

நான் இருக்கும்போதே இரண்டாவது பேட்ச் தொடங்கினார்கள். இந்த இடத்தில் பார்க்க ஒன்றுமே இல்லை என்பதைச் சொல்லிவிட வேண்டும். கரும்பச்சைத் திரவம் சுற்றுகிறது. சிரிஞ்சு நுனியில் ஒரு துளி உருண்டு, நின்று, விழுகிறது. கொஞ்ச நேரம் கழித்துப் பச்சையில் பழுப்பு ஏறுகிறது, பிறகு ஒரு கருநீலச் சாயல். ஒன்றரை மணி நேரம் இதுதான். அந்த நேரத்தில் அக்கா ஒரு பழைய அச்சுப் பிரதியை எடுத்துக் காட்டினார்: முந்தைய ஒரு பேட்சின் எலெக்ட்ரான் நுண்ணோக்கிப் படம். மங்கலான சாம்பல் பரப்பு, ஓரம் முழுக்கக் கருப்புப் புள்ளிகள் வரிசை கட்டி நிற்கின்றன. நடுவில் இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சில முக்கோணங்கள். உற்றுப் பார்த்தால் அந்த முக்கோணங்கள் எல்லாமே ஒரே பக்கம் பார்த்தோ, அதற்கு நேர் எதிராகத் திரும்பியோ நிற்கின்றன. கோணல் மாணலாக ஒன்றுகூட இல்லை.

அதற்குக் காரணம் வடிவ ஒற்றுமை. தாளின் மேல் முகத்தில் கந்தக அணுக்கள் அறுகோண அமைப்பில் 3.16 ஆங்ஸ்ட்ராம் இடைவெளியில் நிற்கின்றன. தங்கத்தின் நெருக்கமான முகத்திலும் அதே அறுகோணம், இடைவெளி மட்டும் 2.88. ஏறத்தாழ ஒன்பது சதவீத வித்தியாசம். சிலிக்கன் மேல் வேறொரு படிகத்தை இந்த வித்தியாசத்தோடு வளர்த்தால் இழுபறியில் வெடிப்புகளும் குறைகளும் நிறைந்துவிடும். இங்கே மேல் அடுக்கின் பிடி லேசானது என்பதால் தங்கம் தன் இடைவெளியை விட்டுக்கொடுக்காமலே திசையை மட்டும் தாளிடமிருந்து வாங்கிக்கொள்கிறது. தங்கத்தில் 11 அணு வைத்து நடந்தால் தாளில் 10 அணு. இரண்டு வரிசையும் அங்கே மீண்டும் நேர்படும். 3.2 நானோமீட்டருக்கு ஒருமுறை. இரண்டு கொசுவலையை ஒன்றன் மேல் ஒன்று போட்டால் தெரியும் அலைக்கோலத்தைப் போல, நல்ல நுண்ணோக்கியில் அந்த இடைவெளியில் ஒரு கோலம் தெரியும். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் கேட் ரீடி, ஃபிரான்சிஸ் ராஸ் குழுவினர் 2021-இல் அந்தக் கோலத்தை நேரடியாகப் படமெடுத்து வெளியிட்டார்கள்.

இதில் புதுமை என்று பலரும் பேசுவது உண்மையில் பழைய கதை. 1964-இலேயே பிரிட்டனில் பாஷ்லியும் சகாக்களும் எலெக்ட்ரான் நுண்ணோக்கிக்கு உள்ளேயே தங்கத்தையும் வெள்ளியையும் ஆவியாக்கி, மாலிப்டினம் டைசல்பைடின் மேல் படியவிட்டுப் பார்த்தார்கள். தீவு தீவாக முளைத்த தங்கம், ஒன்றையொன்று தொட்டதும் திரவத் துளிகளைப் போல ஒன்றாய்க் கலந்து உருமாறியதை அவர்கள் பதிவு செய்தார்கள். கிராஃபீனுக்கு நாற்பது ஆண்டு முன்பு! அப்போது அவர்களுக்கு வேண்டியது மெல்லிய படலம் எப்படி உருவாகிறது என்ற விடை. தாள் வெறும் சுத்தமான மேசைதான்.

தண்ணீரில் மிதக்கும் ஒற்றை அடுக்குத் தாளின் மேல் அதே திசை ஒழுங்கோடு உலோகத்தை வளர்க்கலாம் என்று 2013-இல் சிங்கப்பூர் நன்யாங் பல்கலைக்கழகத்தில் ஹுவா ஜாங்கின் குழு காட்டியது. பல்லேடியம், பிளாட்டினம், வெள்ளி. அதில் பிளாட்டினம் வளர்த்த தாள், தண்ணீரிலிருந்து ஹைட்ரஜன் பிரிக்கும் வேலையில் சந்தையில் கிடைக்கும் பிளாட்டினம்-கரி வினையூக்கியை விஞ்சியது. அதே ஆண்டு இன்னொரு கட்டுரை: சென்னை ஐ.ஐ.டி.யில் பிரதீப்பிடம் ஆய்வு செய்த ஸ்ரீபிரசாத், அமெரிக்காவின் கான்சஸில் விகாஸ் பெர்ரியின் குழுவோடு சேர்ந்து, தாளில் இருக்கும் குறைகளையே வழிகாட்டியாக வைத்துத் தங்கத்தைப் பதிக்கலாம், வேதிமுறையிலும் செய்யலாம், மைக்ரோவேவிலும் செய்யலாம் என்று காட்டினார். நம் அக்கா அந்தக் கட்டுரையின் நகலை லேமினேட் செய்து அலமாரிக் கதவில் ஒட்டியிருக்கிறார். "மொதல்ல மைக்ரோவேவ்லதான் பண்ணிப் பாத்தோம் சார். சீக்கிரம் ஆகுது. ஆனா ஒரு மூலையில ஒரு மாதிரி, இன்னொரு மூலையில வேற மாதிரி" என்றார்.

சரி, எதற்கு இவ்வளவு பாடு? விடை ராமனிடம் போகிறது. ஒரு பொருளின் மேல் ஒளி பட்டுச் சிதறும்போது மிகச் சொற்பமான பங்கு, ஏறக்குறைய கோடியில் ஒரு துணுக்கு, அந்த மூலக்கூறின் அதிர்வுக்கேற்ப நிறம் மாறி வருகிறது. 1928-இல் சி.வி. ராமன் கல்கத்தாவில் கண்டுபிடித்தது இது. பிறகு அவர் பெங்களூருக்கே வந்து, 1948-இல் தன் பெயரிலான ஆய்வுக்கழகத்தையும் இங்கேயே நிறுவினார். ஒவ்வொரு மூலக்கூறுக்கும் அந்த நிறமாற்றம் கைரேகை மாதிரி. கண்டால் ஆளைச் சொல்லிவிடலாம். ஆனால் கோடியில் ஒன்றை வைத்துக்கொண்டு பட்டாணியில் ஒட்டிய சாயத்தைப் பிடிக்க முடியாது. 1974-இல் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் ஃபிளெய்ஷ்மன் குழு, சொரசொரப்பாக்கிய வெள்ளி மின்வாயின் மேல் ஒட்டிய பிரிடினிலிருந்து எதிர்பாராத அளவுக்குப் பலமான ராமன் ஒளி வருவதைக் கண்டது. ராமன் 1970-இலேயே காலமாகிவிட்டார். தன் விளைவு இப்படி ஊதிப் பெருக்கப்படும் என்பதை அவர் பார்க்கவில்லை.

பெருக்குவது உலோகத் துகள். ஒளி பட்டதும் அதன் எலெக்ட்ரான்கள் கூட்டமாக ஊசலாடி, மேற்பரப்பில் மின்புலத்தைக் குவிக்கின்றன. புலம் பத்து மடங்கானால் ராமன் ஒளி பத்தாயிரம் மடங்கு ஆகும், நான்காம் அடுக்குக் கணக்கு. குவிப்பு உச்சத்துக்குப் போவது இரண்டு துகள்களுக்கு நடுவே உள்ள ஓரிரு நானோமீட்டர் சந்தில். ஆக, துகள்கள் நெருங்கியும் இருக்க வேண்டும், ஒட்டியும் விடக் கூடாது. சும்மா தங்கத் துகளைக் காகிதத்தில் பூசினால் காயும்போது அவை கட்டிகட்டியாகச் சேர்ந்துகொள்ளும், சந்து எங்கே இருக்கும் என்று யாருக்கும் தெரியாது. தாளில் முளைத்த தங்கம் வேர் பிடித்த இடத்திலேயே நிற்கிறது. அத்தோடு தட்டையான சாய மூலக்கூறுகள் தாளின் மேல் நன்றாகப் படிகின்றன. வளர்ப்பை எந்த நிமிடத்தில் நிறுத்துவது என்பதில்தான் இவர்கள் தொழிலின் மொத்த லாப நட்டமும் இருக்கிறது. ஐந்து நிமிடம் முந்தினால் சந்து அகலம், சிக்னல் வராது. ஐந்து நிமிடம் பிந்தினால் பக்கத்துத் துகள்கள் கைகோத்துவிடும், சந்தே இருக்காது.

இரண்டாவது பேட்ச் முடிந்தது. சென்ட்ரிஃப்யூஜ் நின்றதும் மூவரும் குழாயை எட்டிப் பார்த்தோம். மேலே தெளிந்த நீர். தம்பி கைதட்டினார், அக்கா மட்டும் வெள்ளைத்தாளைப் பின்னால் பிடித்து இன்னொரு முறை பார்த்த பிறகுதான் தலையாட்டினார்.

வண்டலைத் தண்ணீரில் அலசி, வடிதாள் வழியே உறிஞ்சி இழுத்து, காய வைத்துக் கத்தரித்தால் பட்டை தயார். சோதனைக்குப் பச்சைப் பட்டாணி வைத்திருந்தார்கள். பளபளப்புக்காக மாலகைட் பச்சைச் சாயம் சேர்ப்பதாக அடிக்கடி புகார் வரும் சரக்கு. உணவில் அந்தச் சாயத்துக்கு அனுமதியே கிடையாது. சந்தாபுராவில் வாங்கி வந்த பட்டாணியில் சாயமே இல்லை என்பதால், ஒரு பிடியை இவர்களே நீர்த்த சாயத்தில் முக்கிக் கெடுத்திருந்தார்கள். அலசிய நீரில் ஒரு சொட்டு, பட்டையில் விட்டுக் காயவைத்து, கையடக்க ராமன் கருவியை வைத்து அழுத்தினார் தம்பி. சில நொடிகளில் திரையில் கோடு எழுந்தது. 1,617 அருகே ஓர் உயரமான முனை, 1,175 அருகே இன்னொன்று. மாலகைட் பச்சையேதான். கெடுக்காத பட்டாணியில் தாளின் சொந்த முனைகள் இரண்டும் மட்டும் அமைதியாக நின்றன. சாயத்தை வெறும் காகிதத்தில் விட்டுப் பார்த்தபோது ஒன்றுமே தெரியவில்லை.

நான் கேட்காமலே அவர் இன்னொன்றும் காட்டினார். அதே பட்டையில் மூன்று இடத்தில் லேசரை வைத்தால் முனைகளின் இடம் மாறவில்லை, உயரம் மாறியது. ஆகவே 'இருக்கிறது' என்று இந்தப் பட்டை சொல்லும். 'இவ்வளவு இருக்கிறது' என்று சொல்ல இன்னும் லாயக்கில்லை. தங்கத்துக்குப் பதில் வெள்ளியை வளர்த்தால் சிக்னல் இன்னும் பலம். ஆனால் வெள்ளி கறுத்துப்போகும், பட்டைக்கு ஆயுள் குறைவு. ராமன் கருவியின் விலை லட்சங்களில் இருக்கும்வரை வீட்டுச் சமையலறைக்கு இது வரப்போவதில்லை. ஆளுக்கொரு பட்டை என்று முதலீட்டாளர்களிடம் யாராவது படம் காட்டினால் நம்பாதீர்கள். மீன் ஏற்றுமதி செய்பவர்கள், மாவட்ட உணவு ஆய்வகங்கள், மசாலா அரைக்கும் ஆலைகள், இவர்கள்தான் வாங்குவார்கள். அது சின்னச் சந்தையும் இல்லை.

எனக்கு அங்கே நெருடியது வேறு ஒன்று. நிறம் பார்ப்பது, ராமன் எடுப்பது எல்லாம் சுற்றி வளைத்துச் சொல்லும் சாட்சிகள். தங்கம் உண்மையிலேயே எங்கே உட்கார்ந்திருக்கிறது, சந்து எத்தனை நானோமீட்டர் என்பதை எலெக்ட்ரான் நுண்ணோக்கிதான் சொல்லும். அதற்கு இவர்கள் போகும் இடம் மல்லேஸ்வரம் தாண்டி இருக்கும் இந்திய அறிவியல் கழகம், நகரத்தின் மறுகோடி, ஏறக்குறைய 30 கிலோமீட்டர். அங்கே நானோ அறிவியல் மையத்தில் வெளி நிறுவனங்களும் கட்டணம் கட்டிச் சோதித்துக்கொள்ளலாம். நல்ல ஏற்பாடு, நாட்டில் பல ஊர்களுக்கு அந்த வசதிகூட இல்லை. ஆனால் வரிசை உண்டு. மூன்று மில்லிமீட்டர் அகலமுள்ள செப்பு வலையில் ஒரு துளியைக் காயவைத்து, டப்பியில் போட்டு, சட்டைப்பையில் வைத்து, மஞ்சள் தடத்தில் ஏறி ஆர்.வி. ரோட்டில் பச்சைத் தடத்துக்கு மாறித் தம்பி கொண்டுபோகிறார். படம் கைக்கு வரும்போது அந்த பேட்ச் விற்றுப்போயிருக்கும், அல்லது கெட்டுப்போயிருக்கும். வளர்ப்பின் நிமிடக் கணக்கை வாரக் கணக்கில் வரும் படத்தை வைத்துத் திருத்த வேண்டியிருக்கிறது.

மெட்ரோ வந்துவிட்ட பொம்மசந்திராவுக்கு அடுத்து வர வேண்டியது, மணிக் கணக்கில் வாடகைக்குக் கிடைக்கும் ஒரு பொதுச் சோதனைக்கூடம். ஒரே ஒரு நடுத்தர எலெக்ட்ரான் நுண்ணோக்கி, அதை இயக்க இரண்டு பேர், கீழே பிரஸ் ஓடாத ஒரு தரைத்தள அறை. தொழிற்பேட்டைச் சங்கமும் மாநிலத் தொழில் துறையும் சேர்ந்து இதைச் செய்ய முடியும். மருந்து, மின்முலாம், பேட்டரி, பூச்சு என்று பக்கத்துத் தெருக்களிலேயே அதற்கு வாடிக்கையாளர்கள் இருக்கிறார்கள். எல்லையைத் தாண்டினால் ஓசூரிலும் இதே தேவை, இதே மாதிரி மாடி அறைகள். கர்நாடகம் யோசித்துக்கொண்டே இருந்தால் தமிழ்நாடு ஓசூரில் முந்திக்கொள்ளட்டும்.